தேக்கி வைக்கும் மின்சாரம்: சாவி யார் கையில்?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: 2031-32-ஆம் ஆண்டில் நாட்டுக்கு 411.4 கிகாவாட்-மணி அளவுக்கு மின் சேமிப்புத் திறன் தேவைப்படும் என மத்திய மின்சார ஆணையம் 2023-இல் வெளியிட்ட தேசிய மின்சாரத் திட்டத்தில் கணக்கிட்டுள்ளது. வீட்டு மின் கட்டண அட்டையில் உள்ள "யூனிட்' கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 41 கோடி யூனிட் மின்சாரத்தைத் தேக்கி வைத்து, வேண்டியபோது திறந்துவிடும் ஏற்பாடு இது. இதில் 23.6 கோடி யூனிட் பேட்டரிகளிலும், எஞ்சிய 17.5 கோடி யூனிட் மலைகளின் மேல் ஏற்றித் தேக்கப்படும் நீரிலும் இருக்க வேண்டும் என்கிறது ஆணையம்.

அதிகாரிகளும் பொறியாளர்களும் பேசித் தீர்க்க வேண்டிய தொழில்நுட்பக் கணக்காகவே இது தோன்றும். ஆனால் ஆற்றலைத் தேக்கி வைப்பது எப்போதுமே அரசியலாக இருந்து வந்துள்ளது. தேக்குபவர் யார், திறப்பவர் யார், எப்போது திறப்பது என்ற கேள்விகள் அதனுடனேயே பிறந்தவை. இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. பெங்களூருவில் மல்லேஸ்வரத்தை அடுத்து, தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் ஸ்ரீராம்புரத்தின் தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் பின்னால் உள்ள வரலாறே போதும்.

விறகும் வறட்டியும்: மனிதன் முதலில் சேமித்த ஆற்றல் விறகு. மழைக்காலத்துக்கு முன் விறகு அடுக்கி வைத்ததும், சுவரில் வறட்டி தட்டிக் காய வைத்ததும், களத்துமேட்டில் வைக்கோல் போர் போட்டதும் ஆற்றல் சேமிப்பே. வைக்கோல், உழவு மாட்டின் எரிபொருள். குதிரில் கொட்டிய நெல், உழுதவனின் எரிபொருள். எல்லாமே சூரிய ஒளியைச் செடிகொடிகள் பிடித்து வைத்ததுதான். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு பிடித்து வைக்கப்பட்ட வெயில் என்பது குறிப்பிடத்தக்கது.

விறகைவிடச் சிறந்த சேமிப்பு மரக்கரி. ஒரு கிலோ காய்ந்த விறகில் ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பம் உள்ளது. ஒரு கிலோ கரியில் 8 யூனிட். எடை குறைவு, வெப்பம் அதிகம் என்பதால்தான் கொங்கு நாட்டின் கொடுமணலிலிருந்து சேலம் வரை இரும்பு உருக்கியவர்கள் கரியை நம்பினர். 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலையும் கரியில்தான் இயங்கியது. காடு கரியாகும் வேகத்துக்கு ஈடுகொடுத்து மரம் வளராது என்ற பாடத்தை அந்த நூற்றாண்டு கற்றுத் தந்தது. சென்னை மாகாணத்தில் 1856-இல் வனத்துறை அமைக்கப்பட்டு, ஹியூ கிளெக்கார்ன் அதன் தலைவராக்கப்பட்டார். ரயில் என்ஜின்களுக்காக விறகு வெட்டப்படுவது அவரது கவலைகளுள் ஒன்றாக இருந்தது.

சேமிப்பின் முதல் அரசியலும் அங்குதான் தொடங்கியது. அதுவரை ஊராரின் விறகுக்கட்டாக இருந்த காடு, அரசின் எரிபொருள் கிடங்காகியது. சாவி கை மாறியது.

ஆறே கிடங்கான கதை: கோலார் தங்க வயலில் 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் அங்கு உழைத்தனர். ஆழம் கூடக் கூட, நீர் இறைக்கவும் பாறை உடைக்கவும் நீராவி இயந்திரங்களால் கட்டுப்படியாகவில்லை. அப்போது மைசூரின் திவானாக இருந்தவர், பாலக்காட்டுப் பகுதியில் பிறந்த கே. சேஷாத்ரி ஐயர். காவிரி விழுந்து ஓடும் சிவனசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, கோலாருக்குக் கம்பி வழியே அனுப்பும் திட்டத்துக்கு அவர் ஒப்புதல் அளித்தார். பொறியாளர் ஜோலி த லோட்பினியர் வடிவமைத்த அந்த நிலையம் 1902 ஜூன் மாதம் இயங்கத் தொடங்கியது. 147 கிலோ மீட்டர் நீள மின்பாதை அக்காலத்தில் உலகின் மிக நீளமானவற்றுள் ஒன்று. திட்டம் நிறைவேறியதைக் காண சேஷாத்ரி ஐயர் இல்லை. 1901 செப்டம்பரிலேயே அவர் காலமானார். 1905 ஆகஸ்டில் பெங்களூரின் தெருக்களில் அதே மின்சாரத்தால் விளக்குகள் எரிந்தன.

நூற்பாலைகளைச் சுற்றி வளர்ந்த நகரின் மேற்குப் பகுதிகளில், தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் குடியேறினர். ஸ்ரீராம்புரம் அத்தகைய குடியிருப்புகளுள் ஒன்று.

ஆனால் சிவனசமுத்திரத்தில் ஒரு குறை இருந்தது. அது ஓடும் நீரில் இயங்கிய நிலையம், தேக்கம் இல்லை. கோடையில் ஆறு மெலிந்தால் மின்சாரமும் மெலிந்தது. சுரங்கத்துக்கோ ஆண்டு முழுவதும் தடையற்ற மின்சாரம் வேண்டும். இந்தத் தேவையும், மண்டியா பகுதிப் பாசனமும் சேர்ந்துதான் கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகர் அணை கட்டக் காரணங்களாயின. தலைமைப் பொறியாளராகவும் பின்னர் திவானாகவும் இருந்த எம். விஸ்வேஸ்வரய்யா காலத்தில், 1911-இல் பணி தொடங்கியது.

காவிரியின் கீழ்ப்பகுதியில் இருந்த சென்னை மாகாணம் அதை எதிர்த்தது. 1892-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி தங்கள் ஒப்புதல் இல்லாமல் புதிய அணை கூடாது என்பது அதன் வாதம். நடுவர் கிரிஃபின் 1914-இல் தீர்ப்பளித்தார். இந்திய அரசு 1916-இல் அதை உறுதி செய்தது. சென்னை மாகாணம் லண்டன் வரை முறையிட்டது. இறுதியில் 1924 பிப்ரவரி 18-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. மைசூர் 44.8 டி.எம்.சி. கொள்ளளவில் கிருஷ்ணராஜ சாகரைக் கட்டலாம். சென்னை மாகாணம் 93.5 டி.எம்.சி. கொள்ளளவில் மேட்டூர் அணையைக் கட்டலாம் என்பது அதன் சாரம். மேட்டூர் 1934-இல் திறக்கப்பட்டது.

காவிரிப் பிரச்னையை நெல்லுக்கும் கரும்புக்கும் இடையிலான வழக்காகவே நாம் பேசி வருகிறோம். அதன் வேர்களில் ஒன்று, கோலார் சுரங்கத்துக்குக் கோடையிலும் மின்சாரம் வேண்டும் என்ற தேவை. அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் தமிழர்கள். அதற்காகத் தேங்கிய நீரைப் பற்றிக் கவலைப்பட்ட தஞ்சை விவசாயியும் தமிழர்.

சாவியை வைத்திருந்தவர், சாவிக்காகக் காத்திருந்தவர் என்ற பிளவின் விலையைப் பின்னாளில் கொடுத்தவர்கள், இரண்டிலும் முடிவெடுக்கும் இடத்தில் இல்லாதவர்கள். தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25-ஆம் தேதி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அது டிசம்பரில் மத்திய அரசிதழில் வெளியானவுடன் பெங்களூரிலும் மைசூர் பகுதிகளிலும் தமிழர்கள் மீது வன்முறை ஏவப்பட்டது. உடைமைகளை விட்டுவிட்டுப் பலர் தமிழகத்துக்கு ஓடிவந்தனர். 2016 செப்டம்பரிலும் பெங்களூருவில் தமிழகப் பதிவெண் கொண்ட வாகனங்கள் எரிக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி தமிழகத்தின் பங்கை 404.25 டி.எம்.சி. என நிர்ணயித்தது. அந்தத் தீர்ப்பில் பெங்களூருவின் குடிநீருக்காக 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கப்பட்டது. ஸ்ரீராம்புரத் தமிழர்கள் அருந்தும் நீரும் அந்தக் கணக்கில் அடங்கும்.

மின்சாரம் ஏன் தேங்காது? விறகை அடுக்கலாம், நீரைத் தேக்கலாம், நிலக்கரியைக் குவிக்கலாம். மின்சாரத்தை மட்டும் அப்படியே வைக்க முடியாது. உற்பத்தியான கணத்திலேயே செலவாக வேண்டும். இல்லையெனில் வேறு வடிவுக்கு மாற்ற வேண்டும். இத்தாலிய அறிஞர் வோல்டா 1800-இல் முதல் மின்கலத்தை அறிவித்தார். மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய-அமில மின்கலத்தை பிரான்ஸின் பிளாண்டே 1859-இல் உருவாக்கினார். இன்றும் நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்குக் கீழே அமர்ந்திருப்பது அதன் வாரிசே.

அதன் வலிமை எவ்வளவு? 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றின் எடை 50 கிலோவுக்கு மேல். அதில் நிற்பது 1.8 யூனிட். அரை கிலோ விறகில் உள்ள வெப்பம்கூட அதைவிட அதிகம். நீரின் கணக்கும் இதுபோன்றதே. ஆயிரம் லிட்டர் நீரை 367 மீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்தால், இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கிடைப்பது ஒரே ஒரு யூனிட். மின் சேமிப்புக்கு மலைகளும் அணைகளும் தேவைப்படுவதன் காரணம் இதுதான்.

தமிழகத்தில் காற்றாலை உரிமையாளர்களுக்கு 1980-களில் அறிமுகமான "வங்கி' முறையையும் இங்கு நினைவுகூரலாம். ஆடிக் காற்றில் மிகுதியாகும் மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்துவிட்டு, காற்றில்லாத மாதங்களில் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. காற்றாலைத் தொழில் வளர அது உதவியது. ஆனால் தேங்கியது கணக்கு மட்டுமே. மின்சாரம் அன்றே செலவாகிவிட்டது. பின்னர் அதைத் திருப்பித் தர மின்வாரியம் வேறெங்கோ நிலக்கரி எரிக்கவோ, விலைக்கு வாங்கவோ நேரிட்டது.

மலையேறும் நீர்: உபரி மின்சாரம் இருக்கும்போது கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின் நிலையங்கள் 1890-களில் இத்தாலியிலும் சுவிட்சர்லாந்திலும் தோன்றின. தமிழகத்தில் வால்பாறைப் பகுதியில் உள்ள காடம்பாறை நிலையம் 1980-களின் பிற்பகுதியில் நிறுவப்பட்டது. நூறு மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள். மொத்தம் 400 மெகாவாட். நாட்டிலேயே இத்தகைய முன்னோடி நிலையங்களுள் அதுவும் ஒன்று என்பது தமிழகம் பெருமைப்படத்தக்கது. இத்தகைய நிலையங்களில் 100 யூனிட் செலவழித்து நீரை ஏற்றினால் 75 முதல் 80 யூனிட் வரை திரும்பக் கிடைக்கும்.

இரவில் நிலக்கரி மின்சாரம் மிஞ்சிய காலத்தில் இரவில் நீர் ஏற்றுவார்கள். இன்று நிலைமை தலைகீழ். கர்நாடகத்தின் பாவகடாவில் 2,050 மெகாவாட், ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் எனச் சூரிய மின்பூங்காக்கள் வந்துவிட்டன. நண்பகலில் மின்சாரம் வழிகிறது. மாலை 6 மணிக்குச் சூரியன் மறைய, அதே நேரத்தில் வீடுதோறும் விளக்கும் மின்விசிறியும் அடுப்பும் விழித்துக்கொள்கின்றன. நாட்டின் மொத்த மின் நிறுவு திறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாத வழிகளில் அமைந்துவிட்டதாக மத்திய அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. நிறுவு திறன் பாதி என்பதால் மின்சாரமும் பாதி கிடைக்கும் என்று பொருளல்ல. இந்த இடைவெளியை நிரப்புவது சேமிப்புதான்.

எனவே மேற்குத் தொடர்ச்சி மலை மீண்டும் பொறியாளர்களின் வரைபடத்துக்கு வந்துள்ளது. நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. 1,000 மெகாவாட் சில்லஹல்லா திட்டத்துக்கு உள்ளூர் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். கர்நாடகத்தில் ஷராவதி பள்ளத்தாக்கில் திட்டமிடப்பட்ட 2,000 மெகாவாட் நிலையம், சிங்கவால் குரங்கு சரணாலயப் பகுதியைத் தொடுவதால் சர்ச்சைக்குள்ளானது. தூய்மையான மின்சாரத்துக்காகச் சோலைக்காட்டை இழக்கலாமா என்ற கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மரக்கரிக் காலத்தில் ஒருமுறை கேட்கப்பட்ட கேள்விதான் இது.

மேக்கேதாட்டு திட்டத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 67 டி.எம்.சி. நீரைத் தேக்கி, பெங்களூருவுக்குக் குடிநீரும் 400 மெகாவாட் மின்சாரமும் பெறுவது நோக்கம் என்று கூறி, ரூ.9,000 கோடி மதிப்பிலான திட்ட அறிக்கையை 2019 ஜனவரியில் கர்நாடகம் மத்திய நீர் ஆணையத்திடம் அளித்தது. குடிநீருக்கு உச்ச நீதிமன்றம் கூடுதலாக ஒதுக்கியது 4.75 டி.எம்.சி.; தேக்கம் கேட்கப்படுவது 67 டி.எம்.சி. தமிழகத்தின் ஆட்சேபத்தின் மையம் இந்த வித்தியாசம்தான். 1911-இல் சென்னை மாகாணம் எழுப்பிய அதே ஐயம், நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே ஆற்றின் மீது நிற்கிறது.

மண்டியாவின் இன்னொரு தாது: பேட்டரியின் புதிய வடிவம் லித்தியம்-அயனி. சோனி நிறுவனம் 1991-இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேலில் 2017-இல் 100 மெகாவாட் பேட்டரி நிலையம் அமைந்தபின், மின்தொகுப்பையே பேட்டரியால் தாங்க முடியும் என்பது உறுதியானது. தில்லியில் ரோகிணியில் 2019-இல் 10 மெகாவாட் நிலையமும், கிலோக்ரியில் 2025-இல் 20 மெகாவாட் நிலையமும் இயங்கத் தொடங்கின. கிலோக்ரி நிலையம் தேக்கும் அளவு 40 ஆயிரம் யூனிட். 2032-க்குள் பேட்டரியில் தேவைப்படும் 23.6 கோடி யூனிட்டுடன் இதை ஒப்பிட்டால், போக வேண்டிய தூரம் புரியும்.

மூலப்பொருள் எங்கே? கிருஷ்ணராஜ சாகர் அமைந்துள்ள அதே மண்டியா மாவட்டத்தின் மார்லகல்லா பகுதியில் 1,600 டன் லித்தியம் இருக்கலாம் என்று முதற்கட்ட ஆய்வில் கணக்கிடப்பட்டதாக 2021-இல் மத்திய அரசு மக்களவையில் தெரிவித்தது. ஒரு யூனிட் சேமிக்கும் பேட்டரிக்கு ஏறத்தாழ 100 கிராம் லித்தியம் தேவை என்று கொண்டால், அது முழுவதையும் பிரித்தெடுத்தாலும் 1.6 கோடி யூனிட்டுக்குத்தான் போதும்; தேவையில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. ஜம்மு-காஷ்மீரின் ரியாசியில் 59 லட்சம் டன் அளவுக்குப் படிவம் இருப்பதாக 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை, ஆகஸ்டில் இரு அவைகளும் சுரங்கச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றி, லித்தியத்தை அணு கனிமப் பட்டியலிலிருந்து நீக்கின. எனினும் ரியாசி ஏலத்துக்குப் போதிய போட்டியாளர்கள் வராததால் 2024-இல் அது ரத்து செய்யப்பட்டது. பேட்டரிக்கான செல்களிலும், லித்தியத்தைச் சுத்திகரிப்பதிலும் உலகச் சந்தையில் சீனாவின் கை ஓங்கியுள்ளது. பெட்ரோலுக்கு மேற்காசியாவை நம்பியதுபோல, சேமிப்புக்கு இன்னொரு நாட்டை நம்பும் நிலை வரக்கூடாது.

ஆராய்ச்சியில் தமிழகத்துக்கு ஒரு முதுசொம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் ரூ.15 லட்சமும் அளித்ததால் காரைக்குடிக்கு வந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறக்கப்பட்டது. அங்கு உருவான லித்தியம்-அயனி பேட்டரித் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு வழங்கும் ஒப்பந்தம் 2018 ஜூனில் கையெழுத்தானது.

அவையில் எழ வேண்டிய கேள்விகள்: அரசமைப்புச் சட்டத்தில் தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது, மாநிலங்களுக்கு இடையிலான நதிகளை ஒழுங்குபடுத்துவது மத்தியப் பட்டியலில் உள்ளது, மின்சாரம் பொதுப்பட்டியலில் உள்ளது. நீரேற்று நிலையம் இந்த மூன்றையும் ஒருசேரத் தொடுகிறது. மின் சேமிப்பு அமைப்பை மின்துறையின் அங்கமாக அங்கீகரித்தது 2022-ஆம் ஆண்டு விதிகளே. அதற்கென நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றவில்லை. 2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான மின்சாரத் திருத்த மசோதா நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டு, 2024-இல் அவை கலைந்தபோது காலாவதியானது.

பணமோ நகர்ந்துகொண்டிருக்கிறது. நவீன செல் உற்பத்திக்கு ரூ.18,100 கோடி ஊக்கத்தொகைத் திட்டத்தை 2021-இலும், 4,000 மெகாவாட்-மணி பேட்டரி நிலையங்களுக்கு ரூ.3,760 கோடி நிதியுதவியை 2023-இலும் மத்திய அமைச்சரவை அனுமதித்தது. அந்தச் சேமிப்பு யாருக்கு, எந்த விலைக்குத் திறக்கப்படும் என்பதை எம்.பி.க்கள் கேட்க வேண்டும்.

சாமானியரை இது எப்படித் தொடும் என்பதற்கு 2023 ஜூனில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள் விடை தருகின்றன. வெயில் நேரத்தில் மின் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் மலிவாகவும், உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கின்றன அவை. ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட இடங்களில் அமலாக வேண்டிய முறை இது. பகலில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் தொழிலாளிக் குடும்பம், வெயில் நேரச் சலுகையை எப்படி அனுபவிக்கும்? மாடியில் சூரியத் தகடும் சுவரில் பேட்டரியும் வைக்க வசதியுள்ளவர், மலிவில் சேமித்து மாலையில் கவலையின்றி இருப்பார். ஸ்ரீராம்புரம் போன்ற நெருக்கமான தெருக்களில் ஒண்டுக்குடித்தனம் நடத்துபவருக்கு மாடியும் சொந்தமில்லை.

பழைய பேட்டரிகள் எங்கே போகின்றன என்பதும் கேட்கப்பட வேண்டியதே. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளரின் பொறுப்பை வரையறுத்துள்ளன. ஆனால் குடியிருப்புகளுக்கு இடையே ஈயம் உருக்கும் சிறு பட்டறைகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஈயப்புகை முதலில் தாக்குவது குழந்தைகளின் மூளையை.

காடு கிடங்கான காலத்தில் கிராமத்தாரைக் கேட்கவில்லை. ஆறு கிடங்கான காலத்தில் தஞ்சை விவசாயியையும் கோலார் தொழிலாளியையும் கேட்கவில்லை. அந்த மௌனத்தின் வட்டியை 1991-இல் பெங்களூருத் தமிழர்கள் கட்டினர். பேட்டரிக்கும் மலையணைக்கும் இப்போதுதான் பூட்டு செய்யப்படுகிறது. சாவியைப் பற்றிப் பேச வேண்டிய நேரமும் இதுவே.